டெல்லி – டோக்கியோ: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போடலாம்

டெல்லியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம் என்று தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் 5,860 என்கும், இன்னொன்று 3,640 என்கும், மூன்றாவது 3,160 என்கும். குழம்ப வேண்டாம், மூன்றும் சரிதான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது மைல், மூன்றாவது கடல் மைல். விமானிகள் புழங்குவது கடல் மைலைத்தான். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். எண்ணைப் பார்ப்பதற்கு முன் அதன் அலகைப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்தது.

மீதிப் பாதி, நேரத்தில் இருக்கிறது. முதல்முறை வெளிநாடு போகிறவர்கள் பெரும்பாலும் தூரத்தைக் கண்டுபிடித்து, அதை விமானத்தின் வேகத்தால் வகுத்து, வந்த விடையைப் பயண நேரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தூரத்தைக் காட்டும் இணையக் கருவிகள் பலவும் அதையேதான் செய்கின்றன. ஆசியாவின் குறுக்கே கிழக்கு மேற்காகப் பறக்கும்போது அந்தக் கணக்கு கணிசமாகத் தப்பும். ஏன் தப்புகிறது, எப்படிச் சரிசெய்வது என்று டெல்லி–டோக்கியோ பாதையை வைத்தே பார்ப்போம். வேறு எந்த இரண்டு ஆசிய நகரங்களுக்கும் இதே வரிசையில் போகலாம்.

எந்த விமான நிலையம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விமானம் ஊரிலிருந்து ஊருக்குப் போவதில்லை, ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்குப் போகிறது. டோக்கியோவுக்கு இரண்டு பன்னாட்டு விமான நிலையங்கள்: ஹனேடா, நரிட்டா. ஹனேடா நகரத்தின் ஓரத்திலேயே, டோக்கியோ விரிகுடாக் கரையில் இருக்கிறது. நரிட்டா நகர மையத்திலிருந்து கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் கிழக்கே, பக்கத்து மாவட்டமான சிபாவில் இருக்கிறது. டெல்லியிலிருந்து ஹனேடாவுக்கு வான்வழித் தூரம் சுமார் 5,860 கிலோமீட்டர், நரிட்டாவுக்கு 5,910. வானத்தில் இந்த ஐம்பது கிலோமீட்டர் மூன்று நான்கு நிமிடம்தான். தரையில் அப்படியில்லை. நரிட்டாவில் இறங்கினால் விரைவு ரயிலிலேயே டோக்கியோ நிலையத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஹனேடாவிலிருந்து மோனோரயில் பிடித்தால் இருபது நிமிடத்துக்குள் நகருக்குள் இருக்கும் ஹமமட்சுசோ ரயில் நிலையம் வந்துவிடும்.

டிக்கெட் தேடும்போது 'டோக்கியோ – அனைத்து விமான நிலையங்கள்' என்று ஒரு தேர்வு வரும். விலையை ஒப்பிட அது வசதிதான். ஆனால் பதிவு செய்யும் முன் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள்: ஹனேடா என்றால் எச்.என்.டி. (HND), நரிட்டா என்றால் என்.ஆர்.டி. (NRT). பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் மியூவாங். சியோலில் இன்சியோன், கிம்போ. ஷாங்காயில் புதோங், ஹொங்ச்சியாவ். ஆசியப் பெருநகரங்கள் பலவற்றில் இதே கதைதான்.

தூரம்: தட்டை வரைபடத்தை நம்பாதீர்கள்

சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் டெல்லிக்கும் டோக்கியோவுக்கும் நடுவே அடிக்கோல் வைத்து ஒரு கோடு போட்டால் அது குறுகிய வழியாகத் தெரியும். குறுகிய வழி அதுவல்ல. பூமி உருண்டை, அதன் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய பாதையைத் தட்டை வரைபடத்தில் வரைந்தால் வில் போல வடக்கே வளைந்து தெரியும்.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து டெல்லியில் ஒரு முனையையும் டோக்கியோவில் மறுமுனையையும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே குறுகிய வழியைக் காட்டிவிடும். அது திபெத்தின் மேலே ஏறி, சீனாவின் ஷியான் நகருக்கு வடமேற்கே பாதி வழியைத் தொட்டு, கொரியாவின் தென்பகுதியை ஒட்டி டோக்கியோவுக்கு இறங்கும். பாதி வழியில் அந்தக் கோடு சுமார் 36.2 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. டோக்கியோவே 35 டிகிரி சொச்சம்தான். அதாவது, சேர வேண்டிய ஊரையும் தாண்டி வடக்கே போய்விட்டுத்தான் திரும்பி வருகிறது.

இனி அதே நூலை நிலநடுக்கோட்டின் மேல் வைத்து எத்தனை டிகிரி நீளம் என்று பாருங்கள். 53 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 5,860-ஐ ஒட்டி விடை கிடைக்கும். கருவி இல்லாமல் நூலை வைத்தே ஒரு விழுக்காடு பிசகுக்குள் வந்துவிடலாம் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். உருண்டை இல்லாதவர்கள் தொலைபேசியில் கூகுள் எர்த்தைத் திறந்து, அளவுகோல் கருவியால் இரண்டு ஊர்களையும் தொட்டால் போதும்.

ஆனால் விமானம் அந்த வழியில் போவதில்லை

மேலே சொன்ன கோடு திபெத் பீடபூமியைக் கடக்கிறது. பயணிகள் விமானங்கள் கூடுமானவரை அந்த இடத்தைத் தவிர்க்கும். மலை உயரமாக இருப்பதால் மோதிவிடும் என்பதில்லை. பத்து, பதினொன்று கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதற்கு எவரெஸ்ட்டும் கீழேதான். சிக்கல் வேறு. விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால் விமானி உடனடியாக 10,000 அடிக்கு, அதாவது 3,000 மீட்டர் அளவுக்கு, இறங்கியாக வேண்டும். தலைக்கு மேலிருந்து விழும் முகமூடியில் பயணிகளுக்கான ஆக்சிஜன் பொதுவாகக் கால் மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். அதற்குள் மூச்சுவிடக்கூடிய உயரத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. திபெத் பீடபூமியின் தரையே சராசரியாக 4,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இறங்குவதற்கு இடமே இல்லை. அவசரமாகத் தரையிறங்க விமான நிலையங்களும் அங்கே குறைவு.

ஆகவே டெல்லி–டோக்கியோ விமானங்கள் பொதுவாகக் கங்கைச் சமவெளியின் மேலே கிழக்கு நோக்கிப் போய், வங்கதேசம், மியான்மர் பக்கமாக இமயமலையைச் சுற்றிக்கொண்டு, யுன்னான் வழியாகச் சீனாவுக்குள் நுழைகின்றன. இந்தச் சுற்றில் சில நூறு கிலோமீட்டர் கூடும்.

மலை மட்டுமல்ல, அரசியலும் பாதையை வளைக்கும். 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் வான்பரப்பை மூடியது. ஜூலையில்தான் முழுமையாகத் திறந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடியும் மூடியது. டெல்லியிலிருந்து கிழக்கே போகிறவர்களுக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. தாஷ்கண்ட், அல்மாட்டி போன்ற மத்திய ஆசிய நகரங்களுக்குப் போகிறவர்களுக்கோ பக்கத்து ஊர் தொலைதூர ஊராகிவிட்டது. வரைபடத்தில் தூரம் மாறவில்லை, பறக்கும் நேரம் மாறிவிட்டது. உங்கள் பாதை எந்தெந்த நாடுகளின் மேலே போகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

காற்று: போகும் நேரமும் வரும் நேரமும் ஏன் ஒன்றில்லை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தரையிலிருந்து சுமார் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்றோட்டம் பூமியைச் சுற்றி ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். விமானங்கள் பறக்கும் உயரமும் அதுதான். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது உலகிலேயே வேகமான காற்றுகளில் ஒன்றாகிவிடும். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் நாட்களும் உண்டு.

இதை முதலில் அளந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் ஒயிஷி வசாபுரோ. டோக்கியோவுக்கு வடக்கே தத்தேனோவில் இருந்த ஆய்வகத்திலிருந்து 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு, மேலே காற்று எவ்வளவு வேகம் என்று பதிந்தார். உலகமே படிக்கட்டும் என்று நினைத்து 1926-ல் முடிவுகளை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். விளைவு, ஏறக்குறைய யாருமே படிக்கவில்லை. 1944-ல் ஜப்பான் மீது உயரத்தில் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டித் திணறியபோதுதான் மற்றவர்களுக்கு அது உறைத்தது.

நமக்கு இதில் என்ன? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். விமானம் காற்றில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, தூரம் 6,000 கிலோமீட்டர், வழி நெடுக மேற்கிலிருந்து சராசரி 100 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே போகும்போது ஆற்றோட்டத்தோடு விட்ட படகு மாதிரி, தரையைப் பொறுத்த வேகம் 1,000. ஆறு மணி நேரத்தில் முடிந்தது. மேற்கே திரும்பும்போது அது 800. ஏழரை மணி நேரம். மிதமான காற்றுக்கே ஒன்றரை மணி நேரம் வித்தியாசம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காற்றே இல்லாவிட்டால் இந்தத் தூரத்துக்கு 6 மணி 40 நிமிடம். கிழக்கே போகையில் மிச்சப்பட்டது 40 நிமிடம், மேற்கே வருகையில் இழந்தது 50 நிமிடம். போகவர எல்லாம் சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். காற்று கொடுப்பதைவிட எடுப்பதுதான் அதிகம்.

டெல்லி–டோக்கியோவில் நடைமுறையில் போவதற்கு ஏழரை முதல் எட்டு மணி நேரம் அட்டவணையில் இருக்கும். திரும்புவதற்கு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தை ஒட்டியும் போகும். அதனால்தான், போகவர ஒரே நேரத்தைக் காட்டும் எந்தக் கருவியையும் இந்த மாதிரிப் பாதைகளுக்கு நான் நம்புவதில்லை. அது தூரத்தை ஒரு நிலையான வேகத்தால் வகுத்துவிட்டுச் சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.

வடக்கு தெற்காகப் பறக்கும் பாதைகளில் இந்தத் தொல்லை குறைவு. சிங்கப்பூர்–டோக்கியோ சுமார் 5,300 கிலோமீட்டர். டெல்லி–டோக்கியோவுக்குப் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஏழு மணி நேரத்தை ஒட்டிய அந்தப் பயணத்தில் போவதற்கும் வருவதற்கும் அரை மணி அளவில்தான் மாறும். பாங்காக்–சிங்கப்பூரில் அதுவும் தெரியாது.

குத்துமதிப்புக்கு ஒரு சூத்திரம்

வான்வழித் தூரத்தை 850-ஆல் வகுத்து, வரும் மணிக்கணக்கோடு 40 நிமிடம் கூட்டுங்கள். அந்த 40 நிமிடம் கேட்டிலிருந்து (விமானத்தில் ஏறும் வாயில்) பின்னால் தள்ளி, ஓடுபாதைக்கு ஊர்ந்து போய், ஏறி, கடைசியில் வேகம் குறைத்து இறங்கி, மறுபடி ஊர்வதற்கு. பாங்காக்–சிங்கப்பூர் 1,420 கிலோமீட்டர்: ஒரு மணி 40 நிமிடம், கூட 40, ஆக 2 மணி 20 நிமிடம். அட்டவணையும் அதை ஒட்டியேதான் இருக்கும். டெல்லி–டோக்கியோவுக்கு 7 மணி 35 நிமிடம் வருகிறது. கிழக்கே போகப் பொருந்தும். மேற்கே திரும்பும் நீண்ட பாதை என்றால் அதற்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் சேருங்கள்.

அட்டவணையில் வரும் நேரம் கேட்டிலிருந்து கேட்டுக்கு. விமானத் துறையில் பிளாக் டைம் என்பார்கள். விமானங்களின் நகர்வைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 போன்ற டிராக்கர்களில் சில சமயம் தரையை விட்டு எழும்பியதிலிருந்து தொட்டது வரை மட்டும் காட்டுவார்கள். அரை மணி குறைவாகத் தெரிந்தால் அதுதான் காரணம்.

கடிகாரம் செய்யும் கண்கட்டு

டிக்கெட்டில் இருக்கும் புறப்பாடு, வருகை இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஓர் உதாரண டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம்.

டெல்லியில் இரவு 8:00 மணிக்குப் புறப்பாடு, டோக்கியோவில் மறுநாள் காலை 7:15 மணிக்கு வருகை. அப்படியே கழித்தால் 11 மணி 15 நிமிடம். திரும்புகையில் டோக்கியோவில் காலை 11:00 மணிக்குப் புறப்பாடு, டெல்லியில் அதே நாள் மாலை 5:15 மணிக்கு வருகை. கழித்தால் 6 மணி 15 நிமிடம். பார்த்தவுடன் என்ன தோன்றும்? போகத்தான் நேரம் அதிகம், வருவது சுருக்கு என்று. உண்மை நேர் எதிர்.

ஜப்பான் நேரம் இந்திய நேரத்தைவிட மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது. கிழக்கே போகும்போது அந்த மூன்றரையைக் கழிக்க வேண்டும்: 11:15-ல் 3:30 போக, 7 மணி 45 நிமிடம். மேற்கே வரும்போது கூட்ட வேண்டும்: 6:15-ஓடு 3:30 சேர, 9 மணி 45 நிமிடம். கழிப்பதா, கூட்டுவதா என்று நினைவில் நிற்காதவர்கள் வருகை நேரத்தைப் புறப்படும் ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். டோக்கியோவில் காலை 7:15 என்றால் டெல்லியில் விடியற்காலை 3:45. இரவு 8:00 முதல் 3:45 வரை எவ்வளவு? 7:45. இதில் தப்பவே வழியில்லை.

ஆசியாவில் இந்த அரை மணி, கால் மணி நேரங்கள் சற்று அதிகம். கிரீன்விச் நேரத்தைவிட இந்தியாவும் இலங்கையும் 5:30 மணி முன்னால், நேபாளம் 5:45, மியான்மர் 6:30, ஆப்கானிஸ்தான் 4:30, ஈரான் 3:30. சீனா அவ்வளவு பெரிய நாடாக இருந்தும் முழுக்க ஒரே நேரம், 8:00. கஜகஸ்தான் 2024 மார்ச் 1 முதல் நாடு முழுவதையும் 5:00 என்று ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தது. பழைய பட்டியலைப் பார்த்தால் அல்மாட்டிக்கு ஒரு மணி நேரம் தவறும். நல்லவேளையாக, இஸ்ரேல், லெபனான் மாதிரி ஒரு சில இடங்களைத் தவிர, ஆசியாவில் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பும் வழக்கம் இல்லை.

வருகை நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக '+1' என்று இருந்தால் மறுநாள் என்று பொருள். தங்கும் விடுதி பதிவு செய்யும்போது இது முக்கியம். 14-ஆம் தேதி இரவு டெல்லியில் ஏறுகிறவருக்கு டோக்கியோவில் 15-ஆம் தேதியிலிருந்துதான் அறை வேண்டும். அறை பிற்பகலில்தான் கிடைக்கும், நீங்கள் இறங்குவதோ காலை ஏழு மணிக்கு. பெட்டியை வைக்க மட்டும் அனுமதி கேட்டு முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

நேராகப் போகும் விமானம் இல்லாவிட்டால்

டெல்லி–டோக்கியோவுக்கு ஏர் இந்தியா, ஜப்பான் ஏர்லைன்ஸ், ஏ.என்.ஏ. ஆகியவற்றின் நேரடி விமானங்கள் உண்டு. ஆனால் விலை குறைவாக இருப்பது பெரும்பாலும் மாறிப் போகும் டிக்கெட்டுகள்தான். பாங்காக் வழியாகப் போனால் டெல்லி–பாங்காக் ஏறக்குறைய 2,950 கிலோமீட்டர், பாங்காக்–டோக்கியோ 4,600. மொத்தம் 7,550, நேர் வழியைவிட 1,700 கிலோமீட்டர் கூட. விமானத்தில் இருக்கும் நேரமே நான்கும் ஆறும் பத்து மணி. நடுவே காத்திருக்கும் லேஓவரைச் சேர்த்தால் 13-க்குக் குறையாது. விலையில் மிச்சமாகும் பணத்துக்கு இந்த நேரம் தகுமா என்பது அவரவர் பாடு. குழந்தைகளோ வயதானவர்களோ கூட இருந்தால் நேரடி விமானம்தான் என் கட்சி.

மாறிப் போவதாக இருந்தால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், ஒரே டிக்கெட் என்றால் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியும் வரலாம். அதற்கு அந்த நாட்டின் விசா தேவைப்படலாம். சுவர்ணபூமியில் இறங்கி டான் மியூவாங்கில் ஏறுவது போன்ற இணைப்புகளைத் தொடவே வேண்டாம்.

வாசலிலிருந்து வாசலுக்கு

பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் இருக்கச் சொல்வார்கள். வீட்டிலிருந்து அங்கே போக ஒரு மணி நேரம் என்று வையுங்கள். இறங்கியபின் இமிக்ரேஷன், பெட்டி, சுங்கம் என்று ஒன்று முதல் ஒன்றரை மணி. பிறகு நகரத்துக்குள் போவது. 7 மணி 45 நிமிடப் பறப்பு இப்படி 13, 14 மணி நேரப் பயணமாகிறது. இறங்கிய நாளே மதியம் கூட்டம் வைத்துக்கொள்வது பற்றி யாராவது கேட்டால் பறக்கும் நேரத்தை வைத்துப் பதில் சொல்லாதீர்கள், இந்த எண்ணை வைத்துச் சொல்லுங்கள். காலை 7:15 என்பது உடம்புக்கு விடியற்காலை 3:45 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யும் முன்

விமான நிறுவனங்கள் ஆண்டுக்கு இரண்டு அட்டவணை போடுகின்றன. கோடை அட்டவணை மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை தொடங்கும், குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. காற்றும் மாறும், நேரமும் மாறும். ஜூலையில் போய் வந்த நண்பர் சொன்ன நேரத்தை வைத்து ஜனவரிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். நீங்கள் போகும் மாதத்துக்கான தேதியைப் போட்டுத்தான் தேட வேண்டும். அப்புறம், விமான எண்ணை ஏதாவது ஒரு டிராக்கரில் கொடுத்து, கடந்த ஒரு வாரத்தில் அது உண்மையில் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். தொடர்ந்து நாற்பது நிமிடம் தாமதமாகவே இறங்குகிறது என்றால், டோக்கியோவில் அடுத்த ரயிலுக்கான டிக்கெட்டை அதற்குத் தகுந்தாற்போல் ஒன்று தள்ளி வாங்கலாம்.